இரண்டு கோப்புகள், ஒரே மேசை: நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளைப் பகிரங்கப்படுத்தும் வழிகள் பற்றி மட்டக்களப்பிலிருந்து ஓர் ஒப்பீடு

கூட்டுறவுத் துறையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற பின்னர், கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் இருந்தபடி பிறருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, ஒரே மாதத்தில் இருவர் வந்தார்கள். ஒருவர் வெல்லாவெளிப் பக்கத்து விவசாயி. மற்றவர் ஆரையம்பதியில் முச்சக்கர வண்டி ஓட்டுபவர். இருவருக்கும் லீசிங் கொடுத்திருந்தது ஒரே நிறுவனம். இருவரது குறையும் ஒன்றேதான்: தவணை பிந்தியதற்கான தண்டப் பணம், ஒப்பந்தத்தில் கண்ட வீதத்தை விடக் கூடுதலாகக் கணக்கிடப்பட்டிருந்தது. கிளையில் இருவருக்கும் கிடைத்த பதிலும் ஒன்றேதான்: இப்படி வேறு எவருக்கும் நடக்கவில்லை, உங்கள் கணக்கில் மட்டும் ஏதோ பிசகு. இருவரும் தனித்தனியே அதை நம்பியிருந்தார்கள். இரண்டு கோப்புகளும் தற்செயலாக என் மேசையில் அடுத்தடுத்து இருந்ததனால்தான் அந்தப் பதில் பொய் என்பது எனக்குத் தெரியவந்தது. அவர்கள் இருவரும் இன்றுவரை சந்தித்ததில்லை.

அத்தகைய மேசை ஒன்றை ஒரு நாடு வைத்திருக்க வேண்டுமா, அதன் மேல் இருப்பதை யாரெல்லாம் பார்க்கலாம் என்பதே இங்கே நான் எடுத்துக்கொண்ட கேள்வி. முறைப்பாடுகளைப் பகிரங்கப்படுத்தலாமா என்று மொட்டையாகக் கேட்டால் பெரும்பாலானோர் ஆம் என்பார்கள். எதை, எவ்வளவு, எவருடைய பெயரோடு, எவ்வளவு சிறிய ஊர் வரைக்கும் என்று அடுத்தடுத்துக் கேட்கும்போதுதான் வழிகள் பிரிகின்றன. நம்மிடம் இப்போது உள்ள வழியையும், அமெரிக்க, பிரித்தானிய, இந்திய வழிகளையும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கடன் வாங்குபவர்களின் நிலையில் நின்று ஒப்பிடுகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை: பிரித்தானிய வழியே நமக்கு ஏற்றது, அமெரிக்க வழியிடமிருந்து இரண்டு அம்சங்களைக் கடன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் முடிவு.

நம்மிடம் இருப்பது

இலங்கையில் உரிமம் பெற்ற வங்கி மீதோ நிதிக் கம்பனி மீதோ குறை உள்ளவர் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை நாடலாம்; 2020 ஓகஸ்டில் அமைக்கப்பட்ட இத்திணைக்களத்தின் அழைப்பு இலக்கம் 1935. வாடிக்கையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பிணக்கை நடுநிலையில் நின்று விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மன் அலுவலகம் இன்னொரு வாசல்; அது 2003 முதல் இயங்கிவருகிறது. அது முறைப்பாட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. காப்புறுதிக்கு வேறொரு ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். 2023 ஓகஸ்டில் வர்த்தமானியில் வெளியான நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், முறைப்பாடுகளைக் கையாளும் பொறிமுறை ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டுமென்று விதிக்கின்றன. ஆக, முறையிட வாசல் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் வாசலுக்குள் போன காகிதம் வெளியே வருவதில்லை. கிடைத்த முறைப்பாடுகளின் மொத்தத் தொகையும் வகைகளும் அறிக்கைகளில் இடம்பெறுகின்றன. எந்த நிறுவனத்தின் மீது எத்தனை, அவற்றில் எத்தனை முறைப்பாட்டாளருக்குச் சார்பாக முடிந்தன என்பதைக் கடன் வாங்கப்போகும் ஒருவர் படித்தறிய வழியில்லை.

இந்த இரகசியத்தின் நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. என்னிடம் வருபவர்களில் கணிசமானோர் பெண்கள். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்க, அவருக்குத் தெரியாமல் எடுத்த கிழமைக் கடன் ஒன்று அவர்களை நெருக்கிக்கொண்டிருக்கும். கடிதம் எழுத முன்னர் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, இது ஊருக்குத் தெரியவருமா என்பதுதான். தெரியவராது என்று உறுதியாகச் சொல்ல முடிவதனாலேயே பலர் கையொப்பமிடுகிறார்கள்.

தீமை வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறைப்பாடும் தனித்தனியாகத் தீர்க்கப்படும்போது, தட்டிக்கேட்ட ஒருவருக்கு ஐயாயிரம் ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேளாத நூறு பேரிடம் அதே ஐயாயிரத்தைத் தொடர்ந்து அறவிடுவது நிறுவனத்துக்கு இலாபமான கணக்காகிவிடுகிறது. மேற்சொன்ன முச்சக்கர வண்டிக்காரருக்குத் தண்டப் பணத்தில் ஒரு பகுதி கழிக்கப்பட்டது. விவசாயி இடையில் களைத்துப்போய் விட்டுவிட்டார்.

அமெரிக்கா: எல்லாவற்றையும் மேசையில் பரப்புதல்

2008 நிதி நெருக்கடிக்குப் பின்னர், 2010இல் நிறைவேறிய டொட்-பிராங்க் சட்டத்தால் உருவானது அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம். அது 2012 ஜூனில் கடனட்டை முறைப்பாடுகளை மட்டும் கொண்டு ஒரு பொதுத் தரவுத்தளத்தைத் திறந்தது. பின்னர் வீட்டுக் கடன், வங்கிக் கணக்கு, வாகனக் கடன், கடன் அறவிடுதல் என்று அதை விரித்தது. முறைப்பாடு கிடைத்ததும் பணியகம் அதை நிறுவனத்துக்கு அனுப்புகிறது. பதிலளிக்க 15 நாட்கள். சிக்கலான விடயமானால் இறுதிப் பதிலுக்கு 60 நாட்கள் வரை. முறைப்பாட்டாளர் தன் வாடிக்கையாளர்தான் என்று நிறுவனம் பதிலில் உறுதிப்படுத்தியவுடனோ, 15 நாட்கள் கழிந்தவுடனோ, எது முந்துகிறதோ அப்போது, அந்த முறைப்பாடு நிறுவனத்தின் பெயரோடு தரவுத்தளத்தில் ஏறுகிறது. எந்த வகைச் சேவை, என்ன பிரச்சினை, எந்த மாநிலம், பதில் உரிய காலத்தில் வந்ததா, பணம் கொடுத்து முடித்தார்களா, விளக்கம் மட்டும் கொடுத்து முடித்தார்களா என்பனவெல்லாம் எவரும் தேடிப் பார்க்கக்கூடிய விபரங்கள். 2015 ஜூன் முதல், முறைப்பாட்டாளர் சம்மதித்தால், அவர் தன் சொற்களில் எழுதிய விபரிப்பும் பெயர், கணக்கிலக்கம் போன்றவை நீக்கப்பட்டு வெளியிடப்படுகிறது.

இவ்வழியின் பலம் வேகம். தீர்ப்புக்காக எவரும் காத்திருப்பதில்லை. தண்டப் பணக் கணக்கில் ஒரு நிறுவனம் புதிதாக ஒரு தந்திரத்தைத் தொடங்கினால், ஓரிரு மாதங்களில் ஒரே மாதிரியான முறைப்பாடுகள் பல இடங்களிலிருந்து எழுவதைப் பத்திரிகையாளரும் சட்டத்தரணியும் போட்டி நிறுவனமும்கூடக் காணலாம். என் மேசையில் தற்செயலாக நடந்த காரியம் அங்கே திட்டமிட்டு நடக்கிறது.

பலவீனங்களும் அதே வேகத்திலிருந்து பிறப்பவை. வாடிக்கையாளர் உறவு உண்டா என்பது பார்க்கப்படுகிறதே ஒழிய, முறைப்பாட்டில் சொல்லப்பட்டது உண்மையா என்பது பதிவேறுமுன் விசாரிக்கப்படுவதில்லை. பணியகமே அதை வெளிப்படையாகச் சொல்கிறது. இரண்டாவது குறை, பெரிய நிறுவனம் பெரிய குற்றவாளியாகத் தோன்றுவது. கற்பனையாக ஒரு கணக்குப் பார்ப்போம். 40,000 கடன்கள் கொடுத்த நிறுவனத்தின் மீது 80 முறைப்பாடுகள், 2,000 கடன்கள் கொடுத்த நிறுவனத்தின் மீது 20 முறைப்பாடுகள் என்று வைத்துக்கொண்டால், பட்டியலில் முதலாவது நிறுவனமே தலைப்பில் நிற்கும். ஆனால் ஆயிரம் கடனுக்கு என்று கணக்கிட்டால் அதற்கு 2, மற்றதற்கு 10. வகுக்கும் எண் இல்லாத பட்டியல், வாசிக்கத் தெரியாதவரை ஏமாற்றும். மூன்றாவதாக, ஒவ்வொருவரும் கடனைச் செலுத்திய விதத்தைப் பதிந்து வைக்கும் கடன் வரலாற்று நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகள், அவற்றுள் பிறர் சார்பில் மொத்தமாக அனுப்பப்படுபவையும் சேர்ந்து, அண்மைய ஆண்டுகளில் அத்தரவுத்தளத்தை மூழ்கடித்துவிட்டன.

நான்காவது பலவீனம் அரசியல் சார்ந்தது. எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். முறைப்பாடுகளைச் சேகரிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அவற்றை இந்த வடிவில் ஊருக்குக் காட்ட வேண்டும் என்பது பணியகம் வகுத்துக்கொண்ட கொள்கை. ஆகவே 2018இல் பணியகத்தின் பதில் தலைவராயிருந்த மிக் மல்வேனி, வணிக நிலையங்களுக்குப் பொதுமக்கள் புள்ளியிடும் இணையத்தளம் போன்ற ஒன்றை அரசாங்கம் நடத்த வேண்டுமென்று சட்டத்தில் எங்கும் காணவில்லை என்று பேச முடிந்தது. அடுத்து வந்த தலைவர் 2019இல் அதைத் தொடர்வதென முடிவெடுத்ததனால் அது தப்பியது. 2025 பெப்ரவரியிலோ பணியகத்தின் ஊழியர்களே வேலையை நிறுத்துமாறு பணிக்கப்பட்டார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் ஆட்டம் காணும் மேசையை நம்பி எழுதிய முறைப்பாட்டாளர் என்ன செய்வார்?

பிரித்தானியா: எண்ணிக்கையும் தீர்ப்பும்

பிரித்தானியாவில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. நிறுவனங்கள் தமக்குக் கிடைத்த முறைப்பாடுகளை ஒழுங்குறுத்தும் அதிகாரசபைக்கு அறிவிக்கின்றன. அரையாண்டில் 500 அல்லது அதற்கு மேற்பட்ட முறைப்பாடுகள் பெற்ற நிறுவனங்களின் விபரம் பெயரோடு வெளியாகிறது, ஆயிரம் கணக்குகளுக்கு எத்தனை என்ற வகுத்த எண்ணும் சேர்ந்து. நிறுவனத்தின் பதிலில் திருப்தி கொள்ளாதவர்கள் போகும் நிதி ஒம்புட்ஸ்மன் சேவை, 2009 முதல் அரையாண்டுக்கு ஒரு தடவை, குறைந்தது 30 புதிய முறைப்பாடுகளும் 30 முடிவுற்றவையும் உள்ள நிறுவனங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, முடிவுற்றவற்றுள் எத்தனை சதவீதத்தில் வாடிக்கையாளர் பக்கம் நியாயம் காணப்பட்டது என்ற எண் நிற்கும். மூன்றாவது அடுக்கு, 2013 ஏப்ரல் முதல் வெளியிடப்படும் இறுதித் தீர்மானங்கள்: வாடிக்கையாளர் திரு இன்னார், திருமதி இன்னார் என்று ஓரெழுத்தாக மறைக்கப்படுவார், நிறுவனத்தின் பெயர் முழுமையாக நிற்கும், என்ன நடந்தது, ஏன் இந்த முடிவு என்பது சில பக்கங்களில் எளிய மொழியில் எழுதப்பட்டிருக்கும்.

அந்தச் சதவீத எண்ணைத்தான் நான் அமெரிக்கத் தரவுத்தளத்தின் பல இலட்சம் பதிவுகளை விட மதிக்கிறேன். ஒரு நிறுவனத்தின் மீது நூறு முறைப்பாடுகள் வந்து ஒம்புட்ஸ்மன் பத்தில் மட்டும் வாடிக்கையாளருக்குச் சார்பாக முடித்தால், அந்நிறுவனம் தன் வாசலிலேயே பெரும்பாலும் நியாயமாக நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். எழுபதில் சார்பாக முடித்தால், கொடுக்க வேண்டியதை அது வழக்கமாக மறுத்துவந்திருக்கிறது. முறைப்பாட்டு எண்ணிக்கை கோபத்தை அளக்கிறது. இந்த எண் நடத்தையை அளக்கிறது. நிறுவனத்துக்கும் இதில் ஒரு நியாயம் உண்டு, ஏனெனில் விசாரிக்கப்படாத குற்றச்சாட்டால் அதன் பெயர் கெடுவதில்லை.

குறை, தாமதம். தீர்மானம் வெளியாகும்போது சம்பவம் பழசாகியிருக்கும். கொடுப்பனவுப் பாதுகாப்புக் காப்புறுதி என்ற பெயரில், கடனோடு சேர்த்துத் தேவையற்றவர்களின் தலையில் கட்டப்பட்ட காப்புறுதிக்காகப் பிரித்தானிய நிறுவனங்கள் இறுதியில் 3,800 கோடி பவுணுக்கு மேல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அந்த விற்பனை பல ஆண்டுகள் நடந்து முடிந்த பின்னரே முறைப்பாடுகள் வெள்ளமாக வந்தன. எண்ணிக்கையைப் பகிரங்கப்படுத்தியது அதைத் தடுத்தது என்று எவரும் சொல்ல முடியாது. மேலும், பெரும்பாலான முறைப்பாடுகள் விசாரணையாளர் மட்டத்திலேயே தீர்ந்துவிடுவதால், இறுதித் தீர்மானமாக எழுதப்படுபவை ஒரு பகுதி மட்டுமே.

இந்திய வழியைச் சுருக்கமாகச் சொன்னாற் போதும். 2021 ஜனவரியில் இந்திய ரிசர்வ் வங்கி விடுத்த பணிப்பின்படி வங்கிகள் தமக்கு வந்த முறைப்பாடுகளின் தொகையையும் அதிகம் வந்த ஐந்து காரணங்களையும் தம் ஆண்டறிக்கையிலேயே வெளியிட வேண்டும். ஒத்த வங்கிகளின் சராசரியை மீறி ஒம்புட்ஸ்மனிடம் முறைப்பாடுகள் குவிந்தால், அவற்றைத் தீர்க்கும் செலவை அந்த வங்கியிடமே அறவிடவும் அது வழிவகுத்தது. பின்பகுதி அருமையான யோசனை. பகிரங்கப்படுத்துதலின் பயன் வாசகரின் விழிப்பில் தங்கியிராமல் நேரே நிறுவனத்தின் செலவுக் கணக்கில் போய் விழுகிறது. முற்பகுதி நமக்கு உதவாது. ஆண்டறிக்கையின் நடுப்பக்கத்து அட்டவணையை வாழைச்சேனையில் எவர் தேடிப் படிக்கப்போகிறார்?

முகநூலும் ஒரு வழிதானே என்று என் மகன் கேட்டான். கிளையின் படத்தோடு ஒரு பதிவு போட்டால் மறுநாளே முகாமையாளர் வீடு தேடி வருவார் என்பது உண்மை. ஆனால் அது உரத்துப் பேசத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் நியாயம். இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டாலும் குடியியல் வழக்குத் தொடர இடமுண்டு. 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளைப் பற்றி விதிக்கும் ஏற்பாடுகள் வேறு. ஒப்பந்தப் பிரதியே கையில் இல்லாத ஒருவரை அந்த ஆற்றில் இறங்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆயிரத்தைந்நூறு பேர் உள்ள இடத்தில் பெயரை மறைப்பது

இனி, இவ்வழிகளை இங்கே கொண்டுவந்தால் என்னவாகும் என்பதைப் பார்ப்போம். முதலில் விபரிப்பு. அமெரிக்கத் தரவுத்தளத்தில் வெளியாவது போன்ற ஒரு விபரிப்பைப் பெயர் நீக்கி இங்கே எழுதிப் பார்க்கிறேன்: "கணவர் வெளிநாட்டில் இருந்த நேரம், சித்திரை வருடப்பிறப்புக்கு முதற்கிழமை, இரண்டு தவணை பிந்தியதற்காக உத்தியோகத்தர் இரவு எட்டு மணி வரை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்திருந்தார், பிள்ளைகள் அழுதார்கள்." இதில் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனாலும் அந்த ஊரில் இதைப் படிக்கும் எவருக்கும் அவள் யாரென்று தெரியும். அந்த உத்தியோகத்தருக்கு நிச்சயமாகத் தெரியும். குழுக் கடனில் அவளுக்காகப் பிணை நின்ற மற்றப் பெண்களுக்கும் தெரியும். அடுத்த கூட்டத்தில் அவள் அவர்கள் நடுவே போய் அமர வேண்டும். பெயரை அழித்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்ற எண்ணம் பெருநகரத்தில் பிறந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களில் அது செல்லாது.

அமெரிக்கப் பணியகமும் இதை ஓரளவு உணர்ந்தே இருக்கிறது. அஞ்சற் குறியீட்டுப் பகுதி ஒன்றில் 20,000 பேருக்குக் குறைவாக மக்கள் இருந்தால் அக்குறியீடு வெளியிடப்படுவதில்லை. விபரிப்பு வெளியாகுமானால் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்கள் மட்டுமே காட்டப்படும். அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை ஐந்தேகால் இலட்சம் அளவில்; பிரதேச செயலகப் பிரிவுகள் 14; கிராம உத்தியோகத்தர் பிரிவுகளோ முந்நூற்று நாற்பதுக்கும் மேல். பிரதேச செயலகப் பிரிவுக்குச் சராசரி முப்பத்தேழாயிரம் பேர், கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு ஏறத்தாழ 1,500 பேர். ஆகவே கிராம மட்டத்தில் எதையும் வெளியிடக் கூடாது. பிரதேச செயலக மட்டத்தில் எண்ணிக்கையை மட்டும் வெளியிடலாம், விபரிப்பை அல்ல. 20 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ள அம்பாறைக்கும் இதுவே பொருந்தும்.

அமெரிக்க வழியிலிருந்து நான் கடன் வாங்கச் சொல்லும் முதல் அம்சம் இதுவே: முறைப்பாடு எங்கிருந்து வந்தது என்ற விபரம். பிரித்தானியப் பட்டியல்கள் நிறுவனத்தை நாட்டளவில் ஓர் அலகாகப் பார்க்கின்றன. நம் நிதிக் கம்பனிகளோ கொழும்பில் ஒரு முகமும் கிரானில் வேறொரு முகமும் காட்டக்கூடியவை. தலைமை அலுவலகத்து வாடிக்கையாளர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதும் கடிதத்துக்குக் கிடைக்கும் மரியாதை, தமிழில் எழுதப்பட்டுக் கிளை மேசையில் கிடக்கும் கடிதத்துக்குக் கிடைப்பதில்லை. நாட்டளவிலான எண்ணில் இந்த வேறுபாடு கரைந்துபோகும்.

இதைவிட முக்கியமான சிக்கல் ஒன்றுண்டு. எந்த வழியை எடுத்தாலும் அது கூடவே வரும். முறைப்பாடு செய்யாதவர்களை எந்தப் பட்டியலும் காட்டாது. குழுக் கடன் பெற்ற பெண் முறையிட்டால் குழுவுக்கே அடுத்த கடன் நின்றுவிடும் என்ற அச்சம். கிறிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்தில் பெயர் ஏறிவிடும் என்ற அச்சம். ஒப்பந்தம் விளங்காத மொழியில் இருப்பதனால் தன் பக்கம்தான் பிழையோ என்ற ஐயம். இவையெல்லாம் சேர்ந்து, மிக மோசமாக நடந்துகொள்ளும் நிறுவனத்தைப் பட்டியலில் மிகத் தூய்மையானதாகக் காட்டிவிட வல்லவை. இந்த மௌனத்தின் விலையை நாம் ஒருமுறை கண்டிருக்கிறோம். 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன்களின் வட்டி 40 முதல் 220 சதவீதம் வரை இருந்ததாகப் பதிவுசெய்தார். அதே ஆண்டில் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. அந்த நிலை ஒரே நாளில் வந்ததன்று. கிழமைக்குக் கிழமை வாசலில் நடந்தவை பல ஆண்டுகளாக எங்கும் எண்ணப்படாமலே போயிருந்தன.

ஆகவே முறைப்பாட்டு எண்ணுக்குப் பக்கத்தில், அதே பிரதேச செயலகப் பிரிவில் அந்நிறுவனம் கொடுத்து நிலுவையில் உள்ள கடன்களின் எண்ணிக்கையும் நிற்க வேண்டும். இது வகுத்துப் பார்ப்பதற்கு மட்டும் உரியதன்று. மூவாயிரம் கடன்கள் நிலுவையில் உள்ள பிரிவிலிருந்து ஒரு வருடத்தில் ஒரு முறைப்பாடும் வரவில்லை என்றால், அந்தப் பூச்சியம் ஒரு நற்சான்றிதழாகவும் இருக்கலாம், அபாய அறிவிப்பாகவும் இருக்கலாம். எதுவென்று பார்க்க ஓர் உத்தியோகத்தர் அங்கே போக வேண்டும். இவ்வளவு ஆண்டுகள் கடிதம் எழுதிய அனுபவத்தில், நான் பெரும்பாலும் இரண்டாவதையே சந்தேகிப்பேன்.

வைப்பாளர்கள் ஓடிவிடுவார்களா

பெயரை வெளியிட்டால் மக்கள் பணத்தை மீளப்பெற வரிசையில் நிற்பார்கள், நல்ல நிறுவனமும் விழும் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. 2008இல் மக்களின் வைப்புகளை வாங்கியிருந்த கோல்டன் கீ கடனட்டை நிறுவனம் விழுந்ததை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது. 2020இல் ஒரு நிதிக் கம்பனியின் உரிமம் இரத்துச் செய்யப்பட்டதும் பழைய கதையன்று. வைப்புக் காப்புறுதி இப்போது ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை மட்டுமே. ஓய்வூதியப் பணிக்கொடையை முழுமையாக ஒரே இடத்தில் போட்ட ஆசிரியருக்கு அது போதாது.

ஆனால் மத்திய வங்கி ஏற்கனவே பெயர் சொல்லி வருகிறது என்பதை இந்த வாதக்காரர் மறந்துவிடுகிறார்கள். பிரமிட் திட்டங்கள் என்று தீர்மானித்த நிறுவனங்களின் பெயர்களை அது பகிரங்கமாக அறிவிக்கிறது. அதன் நிதியியல் உளவறிதல் பிரிவு, 2006இன் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் விதித்த தண்டப் பணங்களைப் பெயரோடும் தொகையோடும் வெளியிடுகிறது. அந்த அறிவிப்புகளால் எந்த வங்கி வாசலிலும் வரிசை நின்றதாக எனக்கு நினைவில்லை. விசாரித்து முடிந்த விடயத்தை அளவான மொழியில் சொன்னால் மக்கள் அளவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பீதி வதந்தியிலிருந்துதான் எழுகிறது. இங்கேயும் பிரித்தானிய வழி முந்துகிறது: அது விசாரிக்கப்படாத ஒன்றை வீதிக்குக் கொண்டுவருவதில்லை.

ஆகவே என் தேர்வு இப்படி அமையும். நிறுவனத்தின் பெயரோடு அரையாண்டு எண்ணிக்கை, அதனருகே நிலுவைக் கடன் எண்ணிக்கையும், வாடிக்கையாளருக்குச் சார்பாக முடிந்தவற்றின் சதவீதமும், மாவட்ட அளவிலும், இயலுமானால் பிரதேச செயலக அளவிலும் பிரித்து, மூன்று மொழிகளிலும். ஒம்புட்ஸ்மனின் தீர்மானங்கள் வாடிக்கையாளர் பெயரும் ஊரும் நீக்கப்பட்டு, நிறுவனப் பெயரோடு. விபரிப்புகள் வேண்டாம். அமெரிக்க வழியிலிருந்து இரண்டாவதாக நான் எடுப்பது காலக்கெடுவை: பதில் உரிய நாட்களுக்குள் வந்ததா என்பதும் பட்டியலில் நிற்க வேண்டும், ஏனெனில் இழுத்தடிப்பதும் ஒரு பதில்தான். இவையனைத்தும் திணைக்களத்தின் கொள்கையாக மட்டும் இருந்தால் அமெரிக்காவில் நடந்தது இங்கும் நடக்கும். ஒழுங்குவிதியாக வர்த்தமானியில் வர வேண்டும்.

இந்த ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை இருக்கும். 2016இன் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்புப் பெறும் நிறுவனங்களையே பிரதானமாக நோக்குகிறது. அதன் கீழ் உரிமம் பெற்ற கம்பனிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. வைப்புப் பெறாமல் கடன் மட்டும் கொடுப்பவர்கள் மத்திய வங்கியின் முறைப்பாட்டுப் பதிவுக்குள் வருவதேயில்லை. உரிமம் பெற்றவரின் பெயர் மட்டும் பட்டியலில் அடிபட, உரிமம் இல்லாதவர் தூயவராகத் திரிவார் என்று ஒரு கிளை முகாமையாளர் என்னிடம் குறைப்பட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதற்கு மருந்து பட்டியலைக் கைவிடுவதன்று. முறைப்பாடு ஏற்கும் அலுவலகம், உரிமம் அற்றவர்கள் மீதான முறைப்பாடுகளையும் வாங்கி, தன் அதிகாரத்துக்கு வெளியே உள்ளவை என்ற தலைப்பில் தனியே எண்ணி வெளியிடுவது.

இவை நடக்கும்வரை கையில் இருப்பது 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மத்திய வங்கி அதன் கீழ் ஒரு பகிரங்க அதிகாரசபை. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானம் சொல்ல வேண்டும். வர்த்தக இரகசியம் என்ற காரணத்தால் மறுக்கலாம், ஆனால் பொதுநலன் மேலோங்கினால் வெளியிட வேண்டுமென்று அதே 5ஆம் பிரிவு சொல்கிறது. நான் எழுதிவைத்திருக்கும் விண்ணப்பத்தில் மூன்று கேள்விகள் உள்ளன: கடந்த மூன்று ஆண்டுகளில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து கிடைத்த முறைப்பாடுகள் ஆண்டு வாரியாக எத்தனை, அவற்றில் தமிழில் எழுதப்பட்டவை எத்தனை, நிறுவன வாரியாக எத்தனை. மூன்றாவதை மறுத்தாலும் முதலிரண்டையும் மறுக்கக் காரணம் காண்பது கடினம் என்பதனால் அவற்றைத் தனித்தனி இலக்கமிட்டு எழுதியிருக்கிறேன். வெல்லாவெளி விவசாயி வந்து கையொப்பமிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.